நாலாவது மோட்டார்

அந்த வருஷம் ஆடிக் காற்று சித்தையன்கோட்டைப் பக்கம் அடித்த அடியில், வேலியில் காயப்போட்டிருந்த ராமுத்தாயின் சேலை ஒன்று பறந்துபோய்ச் செம்பட்டியில் பஸ் ஏறிவிட்டதென்றும், கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்டாரென்றும் சொல்வார்கள். பாதியைக் கழித்துக்கொள்ளலாம். சேலை பறந்தது நிஜம். மேற்கே மலை இடுக்கிலிருந்து கிளம்பி வரும் காற்று அது. பேசினால் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே ஓடும். ஆத்தூரில் ஒருத்தன் தும்மினால் திண்டுக்கல்லில் ஒருத்தன் ‘நூறு வயசு’ என்பான்.

அந்தக் காற்றுக்குக் கரண்டுக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். கரண்டு போகும். வரும். வந்ததே என்று எழுந்தால் மறுபடி போகும். அப்படிப்பட்ட மாதத்தில்தான் மலைச்சாமி வீட்டில் அந்த மிஷின் எழுந்து நின்றது.

மலைச்சாமிக்கு இரண்டு தொழில். ஒன்று கத்தரியும் மக்காச்சோளமும் போட்ட காடு. இன்னொன்று எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. அதில் அவர் சூரர். செத்துக் கிடக்கிற மோட்டார் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லும். மகள் பவித்ரா டிப்ளமா முடித்துவிட்டு, திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் கதவுகளில் பூ வேலை செய்யும் பட்டறை ஒன்றில் கம்ப்யூட்டர் மிஷின் ஓட்டினாள். பலகையைப் படுக்க வைத்துப் படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிட்டால், மேலே தொங்குகிற இரும்புப் பல் தானாகவே ஓடியோடிச் செதுக்கும். சிஎன்சி என்பார்கள்.

“இத நம்மளே செஞ்சுரலாம்ப்பா. ஒடம்பு இரும்பு, உள்ள மோட்டாரு, அம்புட்டுத்தான்” என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். மோட்டார் என்ற சொல்லைக் கேட்டதும் மலைச்சாமிக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. வீட்டை ஒட்டித் தகர செட் எழுந்தது. பழைய இரும்பெல்லாம் வெட்டி ஒட்டிக் கட்டில் மாதிரி ஒரு சட்டம் நின்றது. மோட்டார் வாங்குகிற கட்டம் வந்தபோதுதான் வீடு ரெண்டுபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேப்பைக்களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மோட்டார் சாமான் விற்கும் ஹாமித் பேகம்பூரிலிருந்து பைக்கில் வந்திருந்தான். இரண்டு அளவு மோட்டார்களைக் கொண்டுவந்து களிச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தான். ஒன்று தேங்காய்ச் சிரட்டை அளவு. மற்றது குழவிக்கல்.

மலைச்சாமி குழவிக்கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இதான்.”

“அப்பா, நமக்குச் சின்னது போதும்” என்றாள் பவித்ரா.

“கெணத்துக்கு அஞ்சு எச்பி போதும்னு ஊரே சொல்லுச்சு. நான் ஏழரை போட்டேன். இன்னைக்கு எவன் வீட்டுத் தண்ணி தென்னை ஒசரத்துக்கு அடிக்குது?”

“அண்ணே, இது கெணத்து மோட்டாரு இல்லண்ணே” என்றான் ஹாமித், களியைக் குழம்பில் புரட்டிக்கொண்டே. “ஸ்டெப்பரு. நின்ன எடத்துல புடிச்சு நிக்கும், சொன்ன அளவுக்குத்தான் திரும்பும். பெருசு எடுத்தா அதுக்கேத்த வோல்ட்டு குடுக்கணும். இந்தக் குழவிக்குப் போயி முப்பத்தாறு வோல்ட்டக் குடுத்து ஓடு ஓடுன்னா, எருமையப் பூட்டி ரேக்ளா ஓட்டுன கதையாப் போயிரும்.”

“எருமை சேத்துல நிக்காது தம்பி.”

“நமக்கு எங்கப்பா சேறு? தேக்குல்ல” என்றாள் பவித்ரா.

அவர் பெண்சாதி ராமுத்தாய்க்குச் சிரிப்பு வந்து, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டாள். மலைச்சாமி குழவிக்கல்லை மடியிலிருந்து இறக்கினார், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி. அது முதல் தோல்வி.

இரண்டாவது, கரண்டு கொடுக்கும் பெட்டியில். ஹாமித் கொண்டுவந்தது ஓட்டை ஓட்டையாகக் குத்திய தகரப் பெட்டி, சோத்து டப்பா கனம்கூட இல்லை. “இதுக்குப் பேரு பவர் சப்ளையா? எலிக்கு வைக்கிற பொறியில்ல இது?” என்று கேட்டுவிட்டு, மலைச்சாமி தானே செம்புக் கம்பியைச் சுற்றி ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டினார். கனமென்றால் கனம், அதைச் செட்டுக்குள் கொண்டுபோக நாலு ஆளும் ஒரு பொய்யும் தேவைப்பட்டது: உள்ளே காபி இருக்கிறது என்கிற பொய். ஸ்விட்ச் போட்டதும் அது அடிவயிற்றிலிருந்து உறுமியது. ராமுத்தாய்க்கு அந்த உறுமல் பிடிக்கவில்லை. அவள் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள்.

நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மதியம் பக்கத்துக் கிணறுகளெல்லாம் ஒரே நேரத்தில் நிற்க, லைனில் வோல்டேஜ் துள்ளியது. உறுமல் கிறீச்சென்று ஏற, மோட்டாரை ஓட்டும் டிரைவர் பெட்டி படாரென்று வெடித்தது. செட் முழுக்கக் கருகிய மீன் நாற்றம்.

“உங்க டிரான்ஸ்பார்மரு தங்கம்ண்ணே. லைனுதான் கொரங்கு” என்றான் ஹாமித், மனசு நோகாமல். “லைனு ஏறுனா அதுவும் சேந்து ஏறுது. இந்தத் தகரப் பெட்டி வெளிய என்ன கூத்து நடந்தாலும் உள்ள முப்பத்தாறத் தாண்ட விடாது.”

தகரப் பெட்டி வந்தது. மலைச்சாமி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வெஞ்சனத்தில் உப்பில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

மூன்றாவது விஷயத்தில் அவர் தோற்பதாக இல்லை. பலகை மேல் பல்லைக் கொண்டுபோவது அந்தச் சின்ன மோட்டார்கள்தான். ஆனால் பல்லைச் சுற்றுவது ஸ்பிண்டில் என்கிற தனி மோட்டார். கண்ணுக்குத் தெரியாத வேகம், மரத்துக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாத மோட்டார். அதற்கு ஹாமித் ஒரு பச்சை பட்டன் கொடுத்தான்.

“இத அமுக்குனாத்தான் சுத்தணும்ண்ணே. கரண்டு போனா பட்டன் விழுந்துரும். திரும்பி வந்தா நம்ம கையால அமுக்குற வரைக்கும் சும்மா கெடக்கும்.”

“கரண்டு வாரப்பல்லாம் காட்டுல இருந்து நான் ஓடியாந்து அமுக்கணுமாக்கும்? போ தம்பி. ஆட்டோ இல்லாத மோட்டாரு தாயில்லாப் புள்ள.”

ஆட்டோ என்பது அந்தப் பக்கத்தில் கிணற்றுக்குக் கிணறு இருக்கிற பெட்டி. மும்முனைக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. விவசாயி தூங்குவான், கல்யாணத்துக்குப் போவான், மோட்டார் தூங்கக் கூடாது. கரண்டு வந்ததும் அந்தப் பெட்டியே மோட்டாரை எழுப்பிவிடும். எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் எழுந்தால் டிரான்ஸ்பார்மர் வாயைப் பிளந்துவிடும் என்பதால், எத்தனை நேரம் பொறுத்து எழுப்ப வேண்டும் என்று திருகி வைக்க உள்ளே ஒரு குமிழும் உண்டு. மலைச்சாமி கிணற்று லைனிலிருந்துதான் செட்டுக்கு வயர் இழுத்திருந்தார். இலவசக் கரண்டில் கதவு செதுக்கலாமா என்று கேட்காதீர்கள், அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பச்சை பட்டனைக் கடலை டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ஸ்பிண்டிலுக்கு ஓர் ஆட்டோ பெட்டியை மாட்டினார். லைன் சமனப்பட்ட பிறகு எழட்டும் என்று குமிழைக் கடைசி வரைக்கும் திருகி வைத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் கரண்டு வந்தால் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பக்கத்துக் காட்டுச் சடையாண்டியின் மோட்டார் இருமிக்கொண்டு எழும். சடையாண்டிக்குக் காபி ஆறுகிற வரைக்கும் பொறுக்கத் தெரியாது, பெட்டியையும் அப்படியே வைத்திருந்தார். அடுத்தது தென்னந்தோப்பு மோட்டார். மூன்றாவது மலைச்சாமியின் சொந்தக் கிணறு. எல்லாம் எழுந்து, செத்த நேரம் கழித்து, செட்டுக்குள்ளிருந்து ஒரு கிறீச்சு. ராமுத்தாய் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடியே காதால் எண்ணுவாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலாவதுக்கு அவள் தோள் தானாகவே குறுகும்.

குறுகியதற்குக் காரணம் இருந்தது. ஒரு நாள் கரண்டு போனபோது மலைச்சாமி தோளில் கிடந்த துண்டைக் கழற்றி, ஸ்பிண்டில் மேல் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை. கிறீச். துண்டு அங்கே இல்லை. இருந்த இடத்தில் கைமுட்டி அளவுக்கு ஒரு கெட்டிச் சுருணை, நூல் நூலாகப் பிய்ந்து, புகைந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. சட்டம் முழுக்கக் கிடுகிடுத்தது. மலைச்சாமி எழுந்துபோய் மெயினை அணைத்துவிட்டு வந்து சிரித்தார்.

“துண்டுக்குப் பசி புள்ள.”

ராமுத்தாய் சிரிக்கவில்லை. “துண்டு இருந்த எடத்துல உங்க கை இருந்தா?”

“கை எதுக்கு அங்க போகுது? கரண்டு இருக்கையில நான் கைய வைக்கவே மாட்டேன். கரண்டு போனாத்தான் தொடுவேன்.”

அதுதான் அவளுக்குப் பயம். அவர் சொன்னது உண்மை. கரண்டு போனால் உடனே ஒரு சந்தோஷத்தோடு எழுவார். தூள் கூட்டுவது, மொக்கையான பல்லைக் கழற்றிக் கூரானதைப் போடுவது எல்லாம் அந்த நேரத்தில்தான். கரண்டு இல்லாத நேரம்தான் கைக்கு நல்ல நேரம் என்பது அவர் கணக்கு. முப்பது வருஷமாகக் கிணற்று மேட்டில் அந்தக் கணக்கு அவரைக் காப்பாற்றியிருந்தது. அங்கே மோட்டார் சுற்றினாலும் கடிக்காது.

“மெயின அணைச்சுட்டுக் கைய வைங்க.”

“போன கரண்ட எதுக்குடி அணைக்கிறது? செத்த பாம்ப அடிக்கச் சொல்லுறவ.”

“அந்தப் பாம்பு முழிச்சுக்கிட்டுல்ல இருக்கு.”

பவித்ரா சாயந்திரம் வந்து துண்டுச் சுருணையைக் கையில் வைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. அப்பாவும் மகளும் போட்ட சண்டையில் காட்டிலிருந்த கொக்கெல்லாம் கிளம்பிக் காமராஜர் அணைக்குப் போய்விட்டது. கடைசியில் மலைச்சாமி இறங்கி வந்தார், முக்கால் படி.

“சகாயராசு ஆர்டர் குடுத்த கதவு முடியட்டும் தாயி. கொடியும் புறாவும் பாதி வந்திருச்சு. இப்பப் போயி வயர நோண்டுனா வேல கெட்டுரும். முடிச்ச அன்னைக்கே கழட்டிர்றேன். ஆத்தா மேல சத்தியம்.”

“எந்த ஆத்தா மேல?” என்று கேட்டாள் ராமுத்தாய்.

“உங்காத்தா மேல.”

அவள் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. அந்தச் சத்தியத்துக்குப் பயப்பட வேண்டிய ஆள் யாருமில்லை.

கதவு முடிவதற்கு முன்னால் அந்த நாள் வந்துவிட்டது. பவித்ரா பட்டறைக்குப் போய்விட்டாள். காலையிலிருந்தே காற்று. தகரங்கள் கடகடத்தன, மண் பறந்து கண்ணை அடைத்தது. ராமுத்தாய் காட்டின் கிழக்குக் கோடியில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். கத்தரி முள் கையில் ஏற ஏற, அந்தக் காற்றில் செடியே அவளை அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் செட்டுக்கும் நடுவில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்று சலசலத்தது. மத்தியானம் திரும்புகிற நேரத்தில் கரண்டு போனது. எல்லாக் கிணறும் ஒன்றாய் வாயை மூடியது.

மேற்கிலிருந்து காற்றோடு மலைச்சாமியின் குரல் வந்தது. “ராமூ! நான் பல்லு மாத்தப் போறேன்! சோறு செத்த நேரம் கழிச்சுத் தின்னுக்கிறலாம்!”

“மெயின அணைங்க!” என்று கத்தினாள். காற்று அதை அவள் வாயிலிருந்தே பிடுங்கிக் கிழக்கே எறிந்தது. அவருக்குப் போய்ச் சேராது என்று தெரியும். போனிலாவது சொல்லலாமென்றால் அவர் போன் சட்டைப் பையில். சட்டை அவளுக்கு எதிரே வேப்பங்கிளையில் கை கால் ஆட்டிக்கொண்டிருந்தது. காலையில் வெக்கை என்று கழற்றி மாட்டியவர், அப்படியே போய்விட்டார்.

போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று கூடையை இறக்கினாள். அந்த நேரத்தில் தெற்கே, சடையாண்டியின் மோட்டார் இருமியது.

ஒண்ணு.

மக்காச்சோளத்துக்குள் ஓடினால் செட்டுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வரப்பைச் சுற்றினால் அதற்கும் மேல். எதிரே சொந்த மோட்டார் ரூம் இருந்தது, அதற்குள் லைனை அறுக்கும் மெயின் இருந்தது. கதவில் திண்டுக்கல் பூட்டு, ஆனை இழுத்தாலும் வாய் திறக்காத பூட்டு. செம்பு வயரைக் களவாடுகிறவர்களுக்காகப் போட்டது. சாவி மலைச்சாமியின் அரைஞாண் கயிற்றில்.

தென்னந்தோப்பில் மோட்டார் எழுந்தது. ரெண்டு.

அவள் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தாள். கத்தரிக் காட்டின் ஓரத்தில், இரண்டு கம்பங்களுக்கு நடுவில், மூன்று கிணற்றுக்கும் பொதுவாக நின்றது. கம்பத்தோடு சேர்ந்து, இடுப்பு உயரத்தில், மொத்தக் கரண்டையும் அறுக்கிற இரும்பு ஹேண்டில். ஊர் முழுக்கப் பூட்டு விற்கிற ஜில்லாவில் அதற்குப் பூட்டு இல்லை. ஒரு துருப்பிடித்த கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆம்பளைகள் இறக்கி ஏற்றிப் பார்த்திருக்கிறாள். அவள் தொட்டதில்லை. தொட்டால் ஆள் கரிக்கட்டை என்றுதான் சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்திருந்தார்கள்.

கம்பியைப் பிய்த்தாள். விரல் கிழிந்தது. பின்னால், பூட்டிய ரூமுக்குள், அவர்களுடைய மோட்டார் எழுந்தது.

மூணு.

இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். ஹேண்டில் அசையவில்லை. காலைக் கம்பத்தில் முட்டுக் கொடுத்து உடம்பு முழுவதையும் பின்னால் எறிந்தாள். துரு கிறீச்சென்று அலறியது, மேலே நீலமாக ஒரு நெருப்பு தாவியது, டப்பென்றது. ஹேண்டில் கீழே வந்தது.

கிணறுகள் நின்றன. காற்று மட்டும்.

அலறியது துருதானா? அதோடு சேர்ந்து இன்னொரு கிறீச்சும் இருந்ததா? மேற்கிலிருந்து வந்தால் அவளுக்கு நன்றாகக் கேட்கும். கேட்ட மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. “ஏங்க” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் கையை எடுத்தால் யாராவது வந்து ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் பெட்டி மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அவர் உள்ளே எப்படிக் கிடக்கிறாரோ, அப்படியே கிடக்கையில் அது எழும்.

சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்தார், வாயெல்லாம் வசவு.

“எந்தப் பேதியில போறவன்டா ஹேண்டில எறக்குனவன்? இப்பத்தான வந்துச்சு... ஏத்தா தங்கச்சி, நீயா? உனக்கென்ன கிறுக்கா? என் வெங்காயம் காயுது, வெலகு.”

“அண்ணே, ஓடிப்போயிச் செட்டப் பாருங்கண்ணே.”

“செட்டுல என்ன கெழவி செத்துக் கெடக்கா? மொதல்ல கைய எடு. நான் ஏத்திட்டுப் போயிப் பாக்குறேன்.”

“ஏத்துறதா இருந்தா என் கைய வெட்டிட்டு ஏத்துங்க.”

சடையாண்டி அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். விரலிலிருந்து ரத்தம் ஹேண்டிலில் இறங்கியிருந்தது. தோப்புக்காரரும் வந்து சேர்ந்தார். “என்னப்பா, யாருக்கு ஷாக்கு?” என்றார். மக்காச்சோளத்துக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மலைச்சாமி வெளியே வந்தார். தலையிலிருந்து கால் வரை தேக்குத் தூள், மஞ்சள் பூசின சாமி மாதிரி. வலது கையில் ஸ்பேனர். கை முழுசாக இருந்தது.

“சோத்துக்குக் கூப்புட வாரேன், இங்க என்ன கூட்டம்? ஹேண்டிலப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? கரண்டே இல்லாததுக்கு எதுக்கு ஹேண்டிலு?”

“கரண்டு வந்துச்சே மச்சான்” என்றார் சடையாண்டி.

“எப்ப? நான் மூஞ்சிய உள்ள விட்டு, நட்டுல ஸ்பேனரப் போட்டுத் தொங்கிக்கிட்டு இருக்கேன், இறுகிக்கிச்சு சனியன். வந்திருந்தா எனக்குத் தெரியாதா?”

“வந்துச்சு. என் மோட்டாரு எடுத்துச்சு. தோப்பு எடுத்துச்சு. உங்க கெணறும் எடுத்துச்சு.” சடையாண்டி அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் காட்டுக்கும் அந்த நாலாவது சத்தம் தினமும் கேட்கிறதுதான். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார்.

மலைச்சாமி சிரிக்கப் பார்த்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் ஊர் கேட்கிற சிரிப்பு. அது பாதியில் நின்றது. கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

“சரி... கதவு முடியட்டும்னு...”

“போயி அந்தப் பெட்டியக் கழட்டிட்டு வாங்க” என்றாள் ராமுத்தாய். குரல் உயரவில்லை. “கழட்டிட்டேன்னு வாயில சொல்லாதீங்க. கையில கொண்டாந்து காட்டுங்க.”

“நாலு பேரு முன்னாடி என்னடி...”

“நாலு பேரும் நிக்கட்டும்.”

அவர் தோப்புக்காரரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். சடையாண்டி தன் செருப்பைப் பார்த்தார். மலைச்சாமி சோளத்துக்குள் திரும்பிப் போனார்.

திரும்பி வர நேரமானது. அதற்குள் கரண்டு நேரம் கரைந்துகொண்டிருந்தது. வெங்காயம் காய்ந்தது, தோப்பில் பாத்தி பாதியில் நின்றது. தோப்புக்காரர் ஒரு பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார், காற்று விடவில்லை, மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

மலைச்சாமி வந்தார். பெட்டி கையில் இருந்தது, வயர்கள் அறுத்த கோழியின் கால் மாதிரி தொங்கின. அவள் காலடியில் வைத்தார். ராமுத்தாய் அதைப் பார்த்தாள். வயர்களின் நுனியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

“போதுமா? விடு புள்ள” என்றார்.

“விட்டுட்டேனே.”

மலைச்சாமி அவள் கைகளைப் பார்த்தார். இரண்டும் ஹேண்டிலில்தான் இருந்தன, முட்டி வெளுத்து, இரும்போடு இரும்பாக. அவர் குனிந்து ஒரு விரலைப் பிரித்தார். அது வரவில்லை. இன்னொன்றைப் பிரித்தார். அதுவும் வரவில்லை.

“கரண்டு கெடக்கட்டும் மச்சான். மெதுவா எடுங்க” என்றார் சடையாண்டி.